அஞ்சும் குட்டியும் அதட்டும் எஜமானரும்

வீட்டிற்குப் புதிதாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறது. கூடையைத் திறந்தவுடன் அது துள்ளிக் குதித்து வாலை ஆட்டும் என்று வீட்டார் அனைவரும் சுற்றி நின்று காத்திருக்கின்றனர். அதுவோ கூடையினின்றும் வெளிவந்து, ஒரு கணம் நாற்புறமும் விழித்துவிட்டு, சுவரோரமாக ஓடிக் கட்டிலுக்கடியிற் புகுந்து கொள்கிறது. பாலை வைக்கிறார்கள், வரவில்லை. பெயரிட்டு அழைக்கிறார்கள், வரவில்லை. உடனே வீட்டில் ஒரு சபை கூடிவிடுகிறது. "இது பிறவிக் கோழை, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்து விடு" என்கிறார் பெரியவர். "கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்து நாலு பேர் நடுவில் விட்டால் தானே பயம் தெளியும்" என்கிறார் அவர் தம்பி. "ஐயோ பாவம்! ஒருவர் கண்ணிலும் படாமல் மடியிலேயே வைத்துக் கொள்ளுங்கள்" என்கிறாள் பாட்டி. வீட்டுச் சிறுவனோ, சத்தம் போட்டால் ஓடி வந்துவிடும் என்று தகரத்தைத் தட்டுகிறான்.

இத்தகைய அற்ப விஷயத்திற்குப் பத்திரிகையில் இடம் எதற்கு என்று நேயர்களிற் சிலர் நினைக்கக் கூடும். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. மேற்கூறிய நால்வரின் வாக்கிலும் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. வலியவன் அஞ்சுகிறவனைக் கண்டால் வழக்கமாகச் செய்வது இந்நான்குதான்: இகழ்ந்து தள்ளுதல், பலாத்காரம் செய்தல், இரக்கத்தால் பொத்தி வைத்தல், மேலும் பயமுறுத்துதல். இந்நான்கும் தவறு என்பது கடந்த நூறு ஆண்டுகளில் நாய்களைக் கொண்டே தெளிவாக நிலைநாட்டப்பட்டிருக்கிறது. அத்தெளிவு ஆராய்ச்சிக் கூடங்களோடு நின்றுவிட்டது. நம் வீட்டுத் திண்ணைகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. அதனை இயன்றவரை எளிதாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயத்தின் மூலம்

குட்டி ஏன் அஞ்சுகிறது? மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பிறப்பு. அமெரிக்காவில் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள், "பாயின்ட்டர்" எனப்படும் வேட்டை நாய்களில் அஞ்சும் இயல்புடையவற்றைத் தனியே இனம் பெருக்கிப் பார்த்தனர். அக்குட்டிகள் மனிதரைக் கண்ட மாத்திரத்தில் கல்லாய்ச் சமைந்து நின்றன. ஆகவே பயத்தில் ஒரு பங்கு இரத்தத்திலேயே வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது ஒரு பங்குதான்.

இரண்டாவது, வளர்ப்பு. இதனை நிலைநாட்டியவர்கள் அமெரிக்காவில் மெயின் மாகாணத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்ஸன் ஆராய்ச்சி நிலையத்தார். அங்கே ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இரு அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து, நாய்களின் பிறப்பையும் பழக்கத்தையும் பற்றி 1965-ஆம் ஆண்டில் ஒரு பெரு நூல் வெளியிட்டனர். அந்நிலையத்திலேயே நடந்த ஒரு சோதனையின் முடிவு 1961-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓர் ஏக்கர் நிலத்தை உயர்ந்த வேலியால் அடைத்து, மனிதர் முகமே தெரியாதபடி அதனுள் குட்டிகளை வளர்த்தார்கள். பிறகு 2, 3, 5, 7, 9 வாரப் பிராயங்களில் சில சில குட்டிகளை எடுத்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டார்கள். பிராயம் ஏற ஏற, முதல் நாட்களில் மனிதரைக் கண்டு விலகும் குணமும் ஏறிற்று. 14 வாரம் வரையில் மனிதப் பழக்கமே இல்லாதிருந்த குட்டிகளோ காட்டு மிருகங்களைப் போல் வெருண்டோடின. ஏறக்குறைய 3-ஆம் வாரத்திலிருந்து 12-ஆம் வாரம் வரையுள்ள காலமே குட்டிக்கு உலகத்தை அறிமுகம் செய்யும் காலம் என்று அவர்கள் முடிவு கட்டினர். அக்காலத்தில் அது காணாத பொருள் பிற்காலத்தில் அதற்குப் பகைப்பொருளாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, நிகழ்ச்சி. ரஷ்ய தேசத்துப் பேரறிஞர் பாவ்லோவ் 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர். 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லெனின்கிராட் நகரத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, அவருடைய நாய்கள் கூண்டுகளில் அகப்பட்டுத் தத்தளித்தன. ஆட்கள் அவற்றை நீந்த வைத்து மீட்டனர். உயிர் தப்பிய நாய்களிற் சில, முன்பு பழகியிருந்தவற்றையெல்லாம் இழந்துவிட்டன. நாட்கள் பல சென்று ஒரு நாய் தெளிவடைந்த பின்பு, கதவின் கீழே சிறிது நீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சிறு நீரோட்டத்தைக் கண்டதும் அது மறுபடியும் நிலைகுலைந்தது. தீபாவளியன்று காலடியில் வெடித்த ஒரு பட்டாசு, அடுத்த ஆண்டு ஒரு வீட்டுக் கதவு அறைபடும் ஓசையிலும் ஏன் வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

சட்டம் சொல்வது

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசாங்கம் 2017-ஆம் ஆண்டில் வகுத்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகளின்படி, 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்பது கூடாது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்க வேண்டியதைக் கற்காமல் பிரிந்த குட்டி, புது வீட்டில் அஞ்சி நடுங்குவது இயல்பேயாகும். கண் திறந்து சில நாளே ஆன குட்டியைக் கூடையில் வைத்து விற்கிறவர் குற்றவாளி. "சிறிசாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று தேடிப் பிடித்து வாங்குகிறவர் அக்குற்றத்திற்குத் துணை நிற்கிறவர். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமோ, மிருகத்தை அநாவசியமாக அடிப்பதையும், நியாயமற்ற அளவு குறுகிய சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதையும், எப்பொழுதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாதிருப்பதையும் குற்றங்களாக வகுத்திருக்கிறது. இவற்றை நம் தேசத்தில் எத்தனை வீட்டார் அறிவர்? அறிந்தவரில் எத்தனை பேர் மதிக்கின்றனர்?

நான்கு பிழைகள்

இனி நமது குடும்ப சபையின் தீர்மானங்களை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

"பிறவிக் கோழை" என்னும் தீர்ப்பு விசாரணையின்றி வழங்கப்பட்டது. முதல் இரண்டு மூன்று நாட்களில் புது இடத்தைக் கண்டு பதுங்கும் குட்டி கோழையன்று, எச்சரிக்கையுள்ளது. தாயையும் உடன்பிறந்தாரையும் பழகிய வாசனைகளையும் ஒரே நாளில் இழந்து வந்த பிராணி வேறு என்ன செய்யும்?

"இழுத்து நடுவில் விடு" என்பது கேட்பதற்கு வீரமாக இருக்கிறது. பயந்த குட்டியை அஞ்சும் பொருளின் முன் பிடித்து நிறுத்தினால், சிறிது நேரத்தில் அது அசையாமல் நிற்பது உண்மை. எஜமானர், "பார்த்தீர்களா, பயம் போய்விட்டது!" என்று பெருமை கொள்கிறார். அது பயம் நீங்கிய அமைதியன்று. தப்ப வழியில்லை என்று கண்டுகொண்ட பிராணியின் அடக்கம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியத் தெரியாதவர் நாயையும் ஆளலாகாது, நாட்டையும் ஆளலாகாது.

அடித்தும் அதட்டியும் பழக்குவதன் பயன் யாது? போர்த்துக்கல் தேசத்துப் பயிற்சிச் சாலைகளைச் சேர்ந்த 92 நாய்களை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது. தண்டனையைக் கொண்டு பழக்கும் சாலைகளில் பயின்ற நாய்களிடத்துப் பதற்றத்தின் அறிகுறிகள் மிகுந்திருந்தன. பயிற்சிக்குப் பின் எடுத்த உமிழ்நீரிலும் மனக்கலக்கத்தைக் காட்டும் சுரப்பு அதிகமாயிருந்தது. அன்றியும், உறுமுகிற குட்டியை உறுமியதற்காக அடிப்பவர் ஒரு பெருந் தீங்கு செய்கிறார். உறுமல் என்பது "அருகில் வராதே, எனக்குப் பயமாயிருக்கிறது" என்னும் முன்னறிவிப்பு. அதனை அடித்து அடக்கிவிட்டால் பயம் ஒழிவதில்லை. முன்னறிவிப்பு மாத்திரமே ஒழிகிறது. அத்தகைய நாய் ஒருநாள் ஓசையின்றிக் கடிக்கிறது. கடிபடுவது பெரும்பாலும் அடித்தவர் அல்லர், ஒன்றுமறியாத குழந்தை. அதன் பிறகு அந்நாய் தெருவிற்குப் போகிறது. தெருவில் அஞ்சும் நாய் ஒன்று அதிகமாகிறது.

இனிப் பாட்டியின் வழி. இரக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். அஞ்சித் தம்மிடம் ஓடிவந்த குட்டியைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று முன்பு பலர் கூறி வந்தனர், அது சரியன்று. பயம் என்பது கூலி கொடுத்தால் பெருகும் தொழிலன்று. ஓடிவந்த குட்டிக்கு அடைக்கலம் கொடுப்பது கடமை. ஆனால் அடைக்கலம் வேறு, சிறை வேறு. அமெரிக்காவில் குருடருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் "ஸீயிங் ஐ" என்னும் ஸ்தாபனத்தின் 98 குட்டிகளை எமிலி பிரே என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் தொடர்ந்து கவனித்து, 2017-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஓயாமல் குட்டிகளைச் சூழ்ந்து கிடந்த தாய்களின் குட்டிகள் பிற்காலப் பரீட்சையில் அதிகம் தோற்றன. படுத்துக்கொண்டு பால் கொடுத்த தாயின் குட்டிக்கு வாயருகே பால் வந்தது. நின்றுகொண்டு கொடுத்த தாயின் குட்டியோ சற்று முயன்று எட்டிக் குடித்தது. பின்னதே பெரும்பாலும் தேறியது. தாங்கக்கூடிய சிறு சிரமம் வளர்ச்சிக்கு உரம் என்று இதனால் விளங்குகிறது.

தகரம் தட்டிய சிறுவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அவன் மற்ற மூவரிடமிருந்தும் கற்றுக்கொண்டதைச் செய்கிறான்.

தைரியம் எதனால் வளர்கிறது?

இப்போது நமது கட்டுரையின் நடுநாயகமான விஷயத்திற்கு வந்துவிட்டோம். 1967-ஆம் ஆண்டில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் இருவர் நாய்களுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துச் சில சோதனைகளை நடத்தினர். அச்சோதனைகளின் கொடுமையை நாம் சற்றும் ஆதரிக்கவில்லை. எனினும், பெருந் துன்பத்தின் விலையாகக் கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமற் போவது இன்னொரு கொடுமையாகும்.

ஒருவகை நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். மற்றொரு வகை நாய்களுக்கு அதே அளவு அதிர்ச்சிதான்; ஆனால் அவை எது செய்தாலும் நிற்காது. பிறகு இருவகையினையும் தாண்டித் தப்பக்கூடிய ஒரு சிறு தடுப்புள்ள பெட்டியில் விட்டனர். முதல் வகை தாண்டித் தப்பின. இரண்டாம் வகையிற் பெரும்பாலானவை தாண்ட முயலவேயில்லை. படுத்துத் துன்பத்தை ஏற்றன. துன்பத்தின் அளவு இரண்டிற்கும் ஒன்றே. வேற்றுமை யாதெனில், ஒன்றின் முயற்சிக்குப் பயன் இருந்தது. மற்றதன் முயற்சிக்குப் பயன் இல்லை. இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. தன் முயற்சியால் துன்பத்தை நிறுத்திய அநுபவம் முதலிலேயே வாய்த்த நாய்கள், பின்னர் வழியற்ற துன்பத்திற்கு ஆளானபோதும் மனமுடைந்து விடவில்லை.

நாய்கள் அடிமைத்தனத்தைக் "கற்றுக்கொண்டன" என்றே இவ்விருவரும் முதலில் விளக்கினர். ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின், 2016-ஆம் ஆண்டில் தாங்களே தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருத்திக் கொண்டனர். நீடித்த துன்பத்தின் முன் சோர்ந்து படுத்துவிடுவது உயிர்களுக்கு இயற்கை. அதைக் கற்க வேண்டுவதில்லை. கற்க வேண்டியது, "என் செயலால் என் நிலை மாறும்" என்னும் அறிவுதான் என்று எழுதினர். தாம் எழுதியதைத் தாமே திருத்தும் நேர்மையும் போற்றத் தக்கது.

இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் உண்மை. தைரியம் என்பது கட்டளையிட்டு வரவழைப்பதன்று. கையில் எடுத்துக் கொடுப்பதும் அன்று. தன் சிறு முயற்சி பலித்தது என்று ஓர் உயிர் பலமுறை கண்டறிவதனால் உள்ளிருந்து ஊறுவது. அம்முயற்சிகள் பலிக்கக்கூடியபடி இடத்தையும் காலத்தையும் அமைத்துக் கொடுப்பதே எஜமானரின் வேலை.

செய்முறை

இதனைச் செய்யும் வழியை முதலில் ஒழுங்காகக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார். 1924-ஆம் ஆண்டில், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்னும் மூன்று பிராயக் குழந்தைக்கு அவர் வைத்தியம் செய்தார். குழந்தை விரும்பிய பண்டத்தை உண்ணும்போது முயற்கூண்டைத் தூரத்தில் வைத்தார். நாட்போக்கில், குழந்தை கலங்காத அளவு சிறிது சிறிதாக நெருங்கக் கொண்டுவந்தார். கடைசியில் குழந்தை முயலோடு விளையாடிற்று. நாய்க்குட்டிக்கும் முறை இதுவே.

முதற்காரியம், குட்டிக்கு ஒதுக்கிடம். மூலையில் ஒரு சாக்கு, ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டி, அல்லது அதே கட்டிலடி போதும். அது தானே அங்குப் போகலாம், தானே வரலாம். அங்கே இருக்கும்போது அதனை எவரும் தொடவும் இழுக்கவும் கூடாது. பின்வாங்க இடமுண்டு என்று அறிந்தது முன்வந்து பார்க்கும். பின்வாங்க இடமில்லாதது கடிக்கும்.

இரண்டாவது, அதன் மொழியைக் கற்றல். வாலைக் கால்களுக்கிடையே இடுக்குதல், காதுகளைப் பின்னே மடித்தல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், உண்ணாதபோது உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல் இவையெல்லாம் "போதும்" என்று அது சொல்லும் வார்த்தைகள். எல்லாவற்றிலும் நம்பத் தக்க அறிகுறி உணவு. பசியுள்ள குட்டி விருப்பமான துண்டையும் வாங்க மறுத்தால், நாம் அளவு கடந்து விட்டோம் என்பது பொருள். உடனே தூரத்தை அதிகமாக்க வேண்டும்.

மூன்றாவது, அந்நியர். வந்தவர் குட்டியை நேருக்கு நேர் உற்றுப் பாராமல், பக்கவாட்டில் தரையில் அமரட்டும். தலைக்கு மேலாகக் கையை நீட்ட வேண்டாம். ஓர் உணவுத் துண்டைக் குட்டியின் அருகிலோ, அதற்கும் அப்பாலோ எறியட்டும். தம் கையருகே வைத்து ஆசைகாட்ட வேண்டாம். எடுத்துக்கொண்டு விலகிப் போகும் உரிமை அதற்கு இருக்கட்டும். இரண்டு நாளில் அல்லது பத்து நாளில் தானே வந்து முகர்ந்து பார்க்கும். அப்போதும் மார்பையோ தோளையோ மெல்லத் தடவிக் கையை எடுத்துவிட வேண்டும். மேலும் வேண்டுமாயின் அதுவே கேட்கும்.

நான்காவது, சத்தம். பட்டாசு, இடி, மேளம் ஆகியவற்றின் ஓசையைக் கைபேசியில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒலிக்கச் செய்து, அவ்வேளையில் விருப்பமான உணவை அளிக்க வேண்டும். நாட்கணக்கில், வாரக்கணக்கில், ஓசையைப் படிப்படியாக உயர்த்தலாம். தீபாவளிக்கு முந்திய நாள் தொடங்கினால் பயனில்லை. தீபாவளி இரவிலோ பயிற்சிக்கு இடமில்லை. உள்ளறையில் ஜன்னல்களை அடைத்து, வீட்டார் ஒருவர் அதனுடன் இருப்பதே செய்யத் தக்கது.

ஐந்தாவது, வெற்றிகள். பழைய அட்டைப் பெட்டியில் காகிதங்களிடையே உணவைப் போட்டுத் தேடி எடுக்க விடுங்கள். தரையில் கிடத்திய ஒரு பலகை மேல் நடக்கட்டும். பிறகு பலகையின் கீழ் ஒரு செங்கல் வைக்கலாம். "உட்கார்", "வா" என்னும் இரண்டு சொற்களை வெகுமதி கொடுத்துக் கற்பியுங்கள். உட்கார்ந்தால் உணவு வருகிறது என்று அறிந்த குட்டி, மனிதரை நடத்தும் ஒரு சாவி தன்னிடம் இருப்பதை அறிகிறது. அச்சமற்ற, சாந்தமான முதிய நாய் ஒன்று துணைக்கு இருக்குமாயின் மிக நன்று. ஒவ்வொரு பயிற்சியும் சில நிமிஷங்களே போதும். குட்டி சலிக்கும் முன்பே நிறுத்துக.

ஊசி போட்டு முடியும் வரையில் வெளியே கொண்டுபோகக் கூடாதே என்று சிலர் கேட்பர். நம் நாட்டில் பார்வோ முதலிய கொடிய நோய்கள் உண்டாதலால் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் ஊசிகள் முடிவதற்குள் அறிமுகக் காலமும் முடிந்துவிடுகிறது. மிருகங்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்க வைத்தியர் சங்கம் 2008-ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. முதல் ஊசி போட்டு 7 நாட்களேனும் ஆன பின், 7 அல்லது 8 வாரப் பிராயத்திலேயே சுத்தமான இடங்களில் பழக்கம் தொடங்கலாம் என்றும், மூன்று பிராயத்திற்குட்பட்ட நாய்களின் உயிருக்குத் தொற்று நோயினும் பெரிய ஆபத்து நடத்தைக் கோளாறே என்றும் அச்சங்கம் கூறுகிறது. தெருநாய்கள் திரியும் மண்ணில் இறக்காமல், இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டலாம். ஊசி போட்ட ஆரோக்கியமான நாயுள்ள நண்பர் வீட்டிற்குக் கொண்டு போகலாம். உண்ணாமலும் உறங்காமலும் ஓயாது நடுங்கும் குட்டியை மிருக வைத்தியரிடம் காட்டுவதே முறை. நோயும் வலியும் பயத்தின் வேஷத்தில் வருவதுண்டு.

ஒரு எச்சரிக்கை

உணவைப் பற்றிப் பலமுறை கூறினோம். அதனைத் தவறாகக் கொள்ளலாகாது. மீண்டும் பாவ்லோவின் கூடத்திற்குப் போவோம். ரஷ்யப் புரட்சிக் காலத்தில் அவரிடம் ஒரு நாய் இருந்தது. சாந்தமானதுதான், ஆயினும் சோதனை மேடையில் வார்களால் கட்டி நிறுத்தினால் ஓயாது திமிறிற்று. ஆராய்ந்து பார்த்த பாவ்லோவ், உயிர்களிடத்துப் பிறவியிலேயே உள்ள சுதந்தர உணர்ச்சி இது என்று முடிவு செய்து 1917-ஆம் ஆண்டில் அதனை விவரித்தார். அந்நாயை அடக்கியது எப்படி? மேடையிலன்றி வேறெங்கும் அதற்கு உணவில்லை என்று செய்தனர். மாதக்கணக்கில் போராடிய பின் அது கட்டுக்கு இணங்கிற்று.

இது அடக்கும் வித்தை. தைரியம் ஊட்டும் வித்தையன்று. இரண்டிலும் கையில் இருப்பது உணவே. ஒன்றில், பசியைக் காட்டி வேண்டாத இடத்திற்கு இழுக்கிறோம். மற்றதில், மறுத்தாலும் பட்டினியில்லை என்னும் நிலையில், தானே வந்து பார்க்க அழைக்கிறோம். கையிலுள்ள உணவுக்காக அஞ்சும் மனிதரின் காலடி வரையில் வந்த குட்டி, உணவு வாயில் விழுந்தவுடன் தான் நிற்கும் இடத்தை உணர்ந்து முன்னிலும் அதிகமாக நடுங்குவதுண்டு. சலுகைகளுக்காக அருகில் வந்து, வந்த பின் திகைத்து நின்ற பிரஜைகளின் கதையை நமது நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

முடிவாக

நாயையும் மனிதரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நமது நோக்கமன்று. ஆயினும் பயத்தின் இலக்கணம் இரண்டிடத்தும் பெரிதும் ஒன்றாகவே இருப்பதை மறைப்பதில் பயனில்லை. 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய ஓர் இளைஞர், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கிற்காக எழுந்து நின்றார். தலை சுற்றிற்று, நாவெழவில்லை, ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்தார். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்து வெளியேறினார். அன்று அந்த நீதிமன்றத்தில் இருந்தவர்கள் "பிறவிக் கோழை" என்று தீர்ப்பளித்திருந்தால் யார் குற்றம் சொல்லியிருக்கக் கூடும்? சில ஆண்டுகளுக்குள், 1893-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்ற அவ்விளைஞர், பிரிட்டோரியா நகரில் நம்மவர் கூடிய ஒரு சிறு கூட்டத்தில், தம்மை மதித்துக் கேட்பவர் முன்னிலையில், தாம் நன்கறிந்த விஷயத்தைப் பற்றிப் பேசினார். பேச்சுப் பலித்தது. அதுவே தமது முதற் பிரசங்கம் என்று மகாத்மா காந்தி தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். 1917-ஆம் ஆண்டில் சம்பாரணில் அரசாங்க உத்தரவை மீறி நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்றவரும் அவரே. இடையில் நிகழ்ந்தது அதட்டலன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பலித்த முயற்சிகள்.

மேடையேறி "அஞ்சாதே, அஞ்சாதே" என்று முழங்குவது நமது தொண்டர்களுக்கு எளிது. தாலுகா அலுவலகத்தின் வாயிற்படியில் மனுவோடு தயங்கி நிற்கும் குடியானவரைக் கண்டு, "இவர்கள் திருந்தமாட்டார்கள்" என்று அலுத்துக்கொள்வது அதனினும் எளிது. கிராம சபையில் அவர் நடுங்கிய குரலில் கேட்ட ஒரு கேள்விக்கு விடை வருமாறும், அவர் சொன்ன தெருக்குழாய் பழுது பார்க்கப்படுமாறும் கூடவிருந்து உழைப்பதே கடினம். அவ்வாறு ஒருமுறை பலன் கண்டவர் அடுத்த முறை அழையாமலே எழுந்து பேசுவார்.

கட்டிலுக்கடியிலுள்ள குட்டியும் அவ்வாறே. தகரத்தைக் கீழே வையுங்கள். நாலு பேரும் சற்று விலகி அமருங்கள். ஒரு துண்டு உணவை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு மூக்கு வெளியே வரும். பிறகு ஒரு கால். சத்தம் கேட்டால் மறுபடியும் உள்ளே போய்விடும். போகட்டும். இரண்டாம் முறை அது இன்னும் ஓர் அடி அதிகம் வரும். அந்த ஓர் அடியை அதற்கு வேறு எவரும் எடுத்து வைக்க முடியாது. அது எடுத்து வைக்கும் வரையில் பொறுத்திருக்க நம்மால் முடியும், முடிய வேண்டும்.